ஆறாம் லேனில் ஓடும் பிள்ளைக்காக: பி.டி. டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வருஷமே ஆண்டு விளையாட்டு விழாப் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள், ஒரு செம்மண் பொட்டல், பீரோவுக்குள் இரண்டு கைப்பந்து, காற்றிறங்கிய ஒரு கால்பந்து. பெரும்பாலான பள்ளிகளில் தொடக்கம் இப்படித்தான். பந்தல், மைக்செட், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பற்றிப் பேசப் பத்துப் பேர் வருவார்கள். டிராக் போடுவதைப் பற்றிப் பேச யாரும் வரமாட்டார்கள். அதனால் இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கோட்டைப் பற்றியது.

"நம்ம பள்ளி, நம்ம அணி" என்ற எண்ணம் பிள்ளைகளுக்குக் கொடியாலும் கோஷத்தாலும் மட்டும் வந்துவிடாது. ஆறாம் லேனில் நிற்கும் பிள்ளைக்கு, முதல் லேனில் நிற்பவன் ஓடும் அதே தூரம்தான் தனக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை டேப்பும் ஆணியும் பிடிக்கிற உங்கள் கையில் இருக்கிறது.

400 மீட்டர் டிராக்குக்கு இடம் இருக்காது. 200 மீட்டர் போதும். நேர்ப்பகுதி இரண்டும் தலா 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 120 மீட்டரை இரண்டு அரைவட்டங்களும் பங்கிட்டுக்கொள்ளும். ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர் வரும். ஆனால் கோடு போடவேண்டிய ஆரம் அதுவல்ல. உள்ளே மேடான விளிம்பு கட்டாமல் வெறும் பொடிக் கோடு போடும் மைதானத்தில், கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓட்டத் தூரம் அளக்கப்படுகிறது. ஆக, கோட்டுக்கான ஆரம் 18.90 மீட்டர். லேன் அகலம் 1.22 மீட்டர் வீதம் ஆறு லேன் போட்டால் மொத்த இடம் 92.44 மீட்டர் நீளம், 52.44 மீட்டர் அகலம். சுற்றிலும் ஒரு மீட்டராவது காலியாக விடுங்கள். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் நான்கு லேன் போடுங்கள், 87.56-க்கு 47.56-ல் அடங்கிவிடும். ஆரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். வளைவு இறுகினால் சின்னப் பிள்ளைகள் சறுக்கி விழுவார்கள்.

முதலில் இரண்டு மையப் புள்ளிகள், 40 மீட்டர் இடைவெளியில். ஆறு அங்குல ஆணியை முழுக்க அடித்து இறக்குங்கள். மையங்களை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக, இரண்டு பக்கமும் 18.90 மீட்டரில் முளை அடிக்கவேண்டும். செங்கோணத்துக்கு 3-4-5 கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை 3, 4, 5 மீட்டரில் போட்டால் சின்னப் பிசகும் தூரம் போகப் போகப் பெரிதாகும். 9, 12, 15 மீட்டரில் போடுங்கள். நான்கு முளையும் சேர்ந்து 40-க்கு 37.80 மீட்டர் செவ்வகம் ஆகும். இப்போது மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் 55.03 மீட்டர் இருக்கவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முளையைப் பிடுங்கித் திரும்ப அடியுங்கள். அப்படியே விட்டுவிட்டுக் கோடு போட ஆரம்பித்தால் அன்று மாலை வரை எதுவும் எதோடும் பொருந்தாது.

வளைவு போட நைலான் கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீளும். 20 சென்டிமீட்டர் நீண்டாலே இரண்டு வளைவிலும் சேர்த்துச் சுற்றளவில் 1.26 மீட்டர் கூடிவிடும். ஸ்டீல் டேப்பையோ முறுக்கில்லாத கட்டுக்கம்பியையோ ஆணியில் மாட்டி, ஒரே ஆள் ஒரே இழுப்பில் சுற்றி வரட்டும். பின்னால் ஒரு பிள்ளை மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரவேண்டும்.

இனி ஸ்டேக்கர். வெளி லேனில் ஓடுபவரை எவ்வளவு தூரம் முன்னால் நிறுத்துவது என்கிற கணக்கு இது. தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். புத்தகத்தில் இரண்டாம் லேனுக்கு 7.04 மீட்டர் என்று இருக்கும். அது உள்ளே விளிம்பு கட்டிய டிராக்குக்கு. அங்கே முதல் லேனை மட்டும் 30 சென்டிமீட்டரில் அளப்பார்கள், மற்றவற்றை 20-ல். உங்கள் மைதானத்தில் எல்லா லேனும் 20-தான். அதனால் ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் முன்னே போகவேண்டும். இரண்டாம் லேனில் தொடங்கி 7.67, 15.33, 23.00, 30.66, 38.33. 7.04-ஐ அப்படியே எடுத்துப் போட்டால், இரண்டு முதல் ஆறு வரை எல்லாப் பிள்ளைகளும் முதல் லேன் பிள்ளையைவிட 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடுவார்கள். 200 மீட்டர் ஓட்டத்தில் வெற்றியும் தோல்வியும் அதைவிடக் குறைந்த இடைவெளியில் தீர்மானமாகிறது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. 38.33 மீட்டரை டேப்பை நேராக இழுத்து அளந்துவிடுவது. அது வளைவின் மீது அளக்கவேண்டிய தூரம். நேராக இழுத்தால் ஆறாம் லேன் பிள்ளை 5 மீட்டருக்கு மேல் முன்னால் போய் நிற்பான். பிறகு ஜெயித்ததும் அவனே, ஏச்சு வாங்குவதும் அவனே. நேராக அளக்கத்தான் வசதி என்றால் இந்த அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு தொடங்கும் கோட்டில், அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி டேப்பின் முனையை வையுங்கள். மறுமுனையும் அதே லேனில் அதே 20 சென்டிமீட்டர் தள்ளிய புள்ளியில் விழவேண்டும். இரண்டாம் லேனுக்கு 7.62, மூன்றுக்கு 15.01, நான்குக்கு 22.03, ஐந்துக்கு 28.62, ஆறுக்கு 34.74 மீட்டர். 18.90 மீட்டர் ஆரமுள்ள டிராக்குக்கு மட்டுமே இவை பொருந்தும். முடிவுக்கோடு, முதல் வளைவு தொடங்கும் அதே இடத்தில்.

இதே குறிகளை வைத்து 4×50 தொடர் ஓட்டமும் நடத்திவிடலாம். அதற்கும் ஒரு சுற்றுதானே. முழுக்க லேனிலேயே 4×100 நடத்தினால் ஸ்டேக்கர் இரட்டிப்பாகும். ஆறாம் லேனுக்கு 76.65 மீட்டர், அந்த லேனின் வளைவே 79.17 மீட்டர்தான், மட்டுமட்டாக அடங்கும். பேட்டன், அதாவது கையில் பிடித்து ஓடும் கோல், கைமாறும் பகுதி 4×100-க்கு இப்போது 30 மீட்டர்: ஓடி வருபவர் குறியை எட்டுவதற்கு முன் 20, குறியைத் தாண்டி 10. பழைய 20 மீட்டர் கணக்கு 2017-க்குப் பிறகு இல்லை. பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் பழைய கணக்கில் பழகியிருந்தால் அங்கே தடுமாறுவார்கள். பேட்டன் வாங்கக் காசில்லையா, 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, இரண்டு விளிம்பையும் உப்புத்தாளில் நன்றாகத் தேயுங்கள். எடை 50 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடி விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: நீற்றாத சுண்ணாம்பு மைதானத்துக்குள் வரவே கூடாது. வியர்வையும் கண்ணீரும் பட்டால் வெந்துவிடும். தரையில் விழுந்து எழும் பிள்ளையின் முகத்தில் அதுதான் ஒட்டியிருக்கும். கோலமாவோ சாக் பொடியோ போதும். எவ்வளவு வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஒரு கிலோவை 5 சென்டிமீட்டர் அகலத்தில் போட்டு எத்தனை மீட்டர் வருகிறது என்று பாருங்கள். ஆறு லேனுக்கு ஏழு கோடு, மொத்தம் ஏறத்தாழ 1,550 மீட்டர். வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். மழை வந்தால் திரும்பப் போடக் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளைகளைத் தோளோடு தோளாக வரிசையில் நிறுத்தி, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கவிடுங்கள். பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடுபவர்கள். கண்ணாடிச் சில்லு, பாட்டில் மூடி, கம்பித்துண்டு எல்லாம் அந்த ஒரு நடையில் வந்துவிடும். நெருஞ்சி அப்படி வராது. அது காய் விடுவதற்கு முன்பே, மழை முடிந்த கையோடு வேரோடு பிடுங்கியிருக்கவேண்டும். காய்ந்தபின் பிடுங்கினால் முள் உதிர்ந்து தரையிலேயே கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது அணி பிரிப்பது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பெயர் வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பிரிப்பது வழக்கம். அதில் ஒரே அணியில் ஓட்டக்காரர்கள் எல்லாம் குவிந்துபோக வாய்ப்புண்டு. குவிந்துவிட்டால் மற்ற மூன்று அணிகளும் முதல் மாதத்திலேயே மனம் விட்டுவிடும். வகுப்புவாரியாக 50 மீட்டர் ஓடவிட்டு நேரம் குறித்து, வேகமானவர் முதலாக எழுதி, பாம்பு வரிசையில் பிரியுங்கள். முதல் நால்வர் குறிஞ்சியிலிருந்து நெய்தலுக்கு, அடுத்த நால்வர் நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு, இப்படியே மாறி மாறி. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிப் பட்டியல். அக்கா தம்பிகளை ஒரே அணியில் போட்டுவிடுங்கள், வீட்டிலும் அந்த அணியின் பேச்சு நடக்கும்.

மதிப்பெண் 5-3-1 என்பது பழகிய முறை. அதை மட்டும் வைத்தால் ஒவ்வொரு அணியிலும் பத்துப் பேர்தான் விளையாடுவார்கள், மற்றவர்கள் விசிலடிப்பதோடு சரி. வகுப்புக்கு ஒரு தர நேரம் வையுங்கள். 50 மீட்டரை அதற்குள் கடக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் அணிக்கு ஒரு மதிப்பெண் கொண்டுவரட்டும். விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் விளையாட்டுப் பிரிவேளையிலேயே இதை முடித்துவிடலாம். அந்தப் பிரிவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வருவார்கள், குறிப்பாகப் பத்தாம் வகுப்பில். இப்படி ஒரு பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால், பிரிவேளையைக் காப்பாற்றுகிற வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

ஊனமுற்ற பிள்ளையை மதிப்பெண் எழுதும் மேசையில் உட்கார வைப்பதைக் கருணை என்று நினைத்துச் செய்கிறார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டச் சொன்னது அவர் படித்த அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், என்ன விளையாட ஆசை என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் மைதானத்தைவிட்டு ஒதுங்குவதற்கு வெட்கம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை, நீங்களே வைத்திருக்கும் நாப்கின், டிராக் பேண்ட் போட்டு ஓட அனுமதி, கடைசிப் பஸ்ஸுக்கு அரைமணி நேரம் முன்பே முடிகிற பயிற்சி. இந்த ஐந்தையும் செய்துவிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று.

விழா நாளில் 600 மீட்டர் ஓட்டத்தைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். அணிவகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுவது வெயிலால் மட்டும் அல்ல. சாப்பிடாமல் வந்து, முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. விறைப்பாக நிற்கும்போதே ஷூவுக்குள் கால்விரலை மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுங்கள். விருந்தினர் பேச்சைப் பத்து நிமிடத்துக்குள் வைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. கரைத்துக் குடத்தில் வைத்தால் போதும். உப்பை மட்டும் கூட்டாதீர்கள்.

நேரம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாரமாவது பழக்கம் வேண்டும். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிளாப்பரின் சத்தத்தைக் கேட்டு வாட்சை அழுத்தக்கூடாது, இரண்டு பலகையும் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்தவேண்டும். 100 மீட்டர் தூரத்திலிருந்து சத்தம் வந்துசேரக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். முதலிடத்துக்கு மூன்று வாட்ச். இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது. 12.61 என்று காட்டினால் 12.7 என்று எழுதவேண்டும். கோட்டைக் கடப்பது மார்பும் உடலும்தான், நீட்டிய கையோ தலையோ அல்ல.

600 மீட்டரில் எப்போதும் ஒரு பிள்ளை கடைசியாக வரும். முதல் மூவர் வந்ததும் மைக்கில் அடுத்த போட்டியை அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டில் நிற்கும் உங்கள் ஆட்களிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்: கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும் வரை யாரும் நகரக்கூடாது, அந்தப் பிள்ளையின் நேரத்தையும் எழுதவேண்டும். அடுத்த வருஷம் ஓட வரும்போது அதற்கு முந்த ஒரு எண் இருக்கும்.

எல்லாம் முடிந்து நாற்காலி ஏற்றும்போது அந்த இரண்டு மைய ஆணிகளையும் யாராவது பிடுங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்த இடங்களில் ஒரு முழம் ஆழம் தோண்டி, சிமெண்டில் கம்பி நட்டு, தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே மூடிவிடுங்கள். கொடிமரத்திலிருந்தும் வகுப்பறை மூலையிலிருந்தும் ஒவ்வொரு கம்பிக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து, நோட்டில் ஒன்று, அலுவலகக் கோப்பில் ஒன்று எழுதி வையுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்தாலும் அடுத்து வருபவர் டேப்பைப் பிடித்ததும் மையம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
மைதானத்து மூத்தவர்கள்