கூத்துக் களத் திருப்பணி நிறைவு அறிக்கை: வரவு, செலவு, நடுவில் கொஞ்சம் சண்டை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 தை மாதம் திரௌபதி அம்மன் கோவில் வாசலில் கூடிப் பேசி ஆரம்பித்த கூத்துக் களத் திருப்பணி 2025 பங்குனியில் முடிந்தது. வைகாசித் திருவிழாவின் பத்து ராத்திரிக் கூத்தும் புதுக் களத்திலேயே நடந்துவிட்டது. அறிக்கை மட்டும் ஆவணியில்தான் உங்கள் கைக்கு வருகிறது. இந்தத் தாமதத்துக்குத் தணிக்கையாளர் காரணம் அல்ல. நான்கு ரசீதுப் புத்தகங்களில் ஒன்று செயலாளர் வீட்டுப் பரணில் நெல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வரவு. தலைக்கட்டு வரி 2,88,000 ரூபாய். பெயர் போட வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் கொடை 9,00,000. மற்ற 41 உபயதாரர்கள் கொடுத்தது 4,37,000. பழைய தகரக் கொட்டகையைப் பிரித்து விற்றதில் 11,000. ஆக மொத்தம் 16,36,000 ரூபாய்.

இந்த நான்கில் தொகையில் பெரியது இரண்டாவது. ஆனால் குழு ராத்திரி பகலாகப் பேசியது முதலாவதைப் பற்றித்தான். இதுவரை நம் ஊரில் பாரதம் படிக்கவும் கூத்து வைக்கவும் வரி போடும்போது அம்பேத்கர் நகரின் 63 தலைக்கட்டையும் சேர்க்காமலே வந்தோம். "அவர்களுக்கு எதற்குச் சிரமம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்கச் சலுகை மாதிரி இருக்கும். ஆனால் வரி கொடுக்காதவருக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. எந்த ஜமாவுக்கு (கூத்தாடும் குழுவுக்கு)த் தாம்பூலம் வைப்பது, எந்த நாள் என்ன கூத்து, யார் எங்கே உட்காருவது, எதிலும் கிடையாது. இந்த முறை அவர்களே வந்து கேட்டார்கள், எங்களிடமும் வரி வாங்குங்கள் என்று. மூன்று கூட்டம் நடந்தது. இரண்டாவது கூட்டத்தில் சிலர் எழுந்து போனதும் உண்மை. கடைசியில் ஊர் முழுவதும் சேர்த்து 214 தலைக்கட்டு, தலைக்கு 1,500 என்று முடிவானது. கொடுக்க முடியாத 22 குடும்பங்கள் ஆளுக்கு நான்கு நாள் மண் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் பெயரும் வரிப் பட்டியலில் இருக்கிறது. இப்போது குழுவில் இருக்கும் 13 பேரில் நான்கு பேர் அம்பேத்கர் நகர்க்காரர்கள்.

ஒன்பது லட்சம் கொடுத்தவர் நம் ஊரில் பிறந்து, சென்னையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி. தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்றார். ஒரே ஒரு நிபந்தனை: பெண்களுக்குக் கழிப்பறை கட்டின பிறகுதான் மற்ற வேலை. எங்களுக்கு அது கொஞ்சம் உறைத்தது. கூத்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நடக்கிறது. நடுச்சாமத்தில் பெண்கள் எழுந்து போவதைப் பார்த்துத் தூக்கம் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். போகாதவர்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள். இதனால் வரும் சிறுநீர்த் தொற்றை வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்தவர் அவர். இத்தனை வருடமாகக் குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்ததால் இது எங்கள் தலையில் ஏறவே இல்லை.

இன்னொரு உபயதாரரோடு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம், ஊரில் வேறு வேறு விதமாகப் பேச்சு அடிபடுவதால். அவர் மூன்று லட்சம் தருவதாகச் சொன்னார். தன் தகப்பனார் பெயரில் ஒரு தோரண வாயில், நான்கடி உயரத்தில் சிமெண்டு மேடை, மேடை மேல் வழவழப்பான கிரானைட். கேட்கும்போது எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஜமா வாத்தியாரைக் கூட்டிவந்து வரைபடத்தைக் காட்டினோம். பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இதுமேல கிறிக்கி அடிச்சா விழமாட்டனா?" கிறிக்கி என்றால் வேகமாகச் சுழன்று ஆடுவது.

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. சலங்கை கட்டி, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் ஏற்றிக்கொண்டு விடிய விடியச் சுற்றுகிறவனுக்குக் கல் தரை காலை வாங்கிவிடும். கட்டைகள் என்று நாம் சொல்லும் இந்த மர அணிகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்வதே கனம் குறைய வேண்டும் என்றுதான். காலுக்கு மண்தான் வேண்டும். அப்புறம், மேடை என்று உயர்த்திவிட்டால் முன்னால் இருப்பவர் மட்டும் பார்க்கிற நாடகமாகிவிடும். நம் கூத்துக்கு மூன்று பக்கமும் ஆள் உட்கார வேண்டும். கோமாளியாக வரும் கட்டியக்காரன் கிழவியிடம் வெற்றிலை பிடுங்க வேண்டும். திரை பிடித்து வரும் துரியோதனன் குழந்தைகளுக்கு நடுவில் புகுந்து வர வேண்டும். உபயதாரரிடம் இதைச் சொன்னோம். கோபம்தான். தோரண வாயில் வேண்டாம் என்றதில் இன்னும் கோபம். ஆனாலும் ஒரு மாதம் கழித்து, விளக்குச் செலவுக்கு என்று 50,000 அனுப்பினார். அவருக்கு இந்தக் குழு நன்றி சொல்கிறது. தகப்பனார் பெயர் மின்பெட்டி அறைச் சுவரில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். வாங்கினோம், வாங்காமலும் விட்டோம். துபாயில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஆறு பேர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்; தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினார்கள், அதில் தடை இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் இரண்டு லட்சம் தருவதாகச் சொன்னார். அவர் நம் தெருவில் கோலி விளையாடியவராகவே இருந்தாலும், சட்டத்துக்கு அது வெளிநாட்டு நிதி. வாங்குவதற்கு மத்திய உள்துறையில் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். செய்யாறு பக்கம் ஒரு கூத்துக் களத்துக்கு இவ்வளவு தூரம் போக எங்களால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மனிதர் வருத்தப்படவில்லை. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வந்து, நாள் முழுக்க நின்று சோறு பரிமாறிவிட்டுப் போனார்.

சிப்காட்டில் இத்தனை தொழிற்சாலை இருக்கிறதே, அவர்களைக் கேட்டீர்களா என்பது அடுத்த கேள்வி. ஒரு நிறுவனத்தைக் கேட்டோம். கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் இருக்கின்றன. ஆனால் எங்களைப் போன்ற வெளி அமைப்பின் மூலம் செய்வதென்றால் அந்த அமைப்புக்கு மூன்று வருட அனுபவம் இருக்க வேண்டும். நம் சங்கம் பதிவானதே 2023இல். அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ஊர் நூறு வருடத்துக்கு மேல் கூத்து வைக்கிறது, காகிதத்தில் அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. 2026இல் மறுபடியும் போய்க் கேட்கலாம்.

கோவில் கணக்கோடு சேர்க்காமல் தனிச் சங்கமாகப் பதிவு செய்தது ஏன் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் 80ஜி பிரிவுச் சலுகை வேண்டுமென்றால் சங்கத்தின் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதச் செலவுக்குப் போகக் கூடாது. அதனால் அம்மனுக்கு ஆகும் செலவு கோவில் கணக்கில், களத்துக்கு ஆகும் செலவு சங்கக் கணக்கில். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது; இதை முதலிலேயே சத்தமாகச் சொல்லாதது எங்கள் தவறு. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை.

இனி செலவு.

வேஷம் கட்டும் அறையும் முன் தாழ்வாரமும் 6,10,000. கழிப்பறைகள் (பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு இரண்டு), ஆழ்துளைக் கிணறு, மோட்டார் எல்லாம் சேர்த்து 4,05,000. களத்து மண், சுற்றுக் கட்டு, வடிகால் 1,48,000. மின் இணைப்பும் விளக்கும் 92,000. பதிவு, வரைபடம், தணிக்கை 31,000. மொத்தம் 12,86,000.

கழிப்பறைத் தொகையில் 38,000 வீண். கழிவுநீர்த் தொட்டிக்கு முதலில் தோண்டிய குழி, ஊர்க் கிணற்றுக்கு மிகவும் பக்கத்தில் போய்விட்டது. மேஸ்திரி அப்போதே சொன்னார். வாஸ்து பார்த்த குழு உறுப்பினர்தான் கேட்கவில்லை. மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டினோம். அந்தத் தொகையில் 15,000ஐ அந்த உறுப்பினரே தனியாகக் கொடுத்தார்; அது 41 உபயங்களில் ஒன்றாக வரவில் இருக்கிறது.

வடிகால் எங்கள் முதல் திட்டத்தில் கிடையாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்து, புதிதாகக் கொட்டி அடித்து இறுக்கிய செம்மண் முழுவதையும் தெருவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து உயிர்கள் போன நேரத்தில் நம் களத்து மண்ணைப் பற்றி அழுவது நியாயமில்லை என்று பேசாமல் இருந்தோம். தையில் மறுபடியும் மண் அடித்தோம்.

களம் வந்த பிறகு ஊரில் என்ன மாறியிருக்கிறது? வைகாசியில் துகிலுரிதல் அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் பெண்கள் பக்கத்தை எட்டிப் பார்த்தோம். எழுந்து போனவர்கள் என்று யாரும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் முன் தாழ்வாரத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் உட்கார்ந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் "எனக்கு ஒன்றுமில்லை போ" என்று விரட்டுகிற கிழவர்கள், இங்கே பக்கத்து ஆளுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவாவது வருகிறார்கள்.

ஆனியில் ஒரு வீட்டின் காரியத்துக்காகக் கர்ண மோட்சம் நடந்தது. சாவு வீட்டுக்குக் கர்ண மோட்சம் வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் இடமில்லாமல் பல வருடமாக விட்டுப்போயிருந்தது. இறந்தது சின்ன வயசுப் பையன். பதினாறு நாளும் அந்தத் தாய் அழவில்லை, பேசவும் இல்லை. கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தில் அந்தத் தாய் வாய்விட்டு அழுதார். ஆர்மோனியக்காரர் அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார், அவர் அழுது முடிக்கும்வரை. களத்துக்கு வாடகை வாங்கவில்லை. இனி காரியக் கூத்துக்கு எப்போதும் வாங்குவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியார் 11 பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லிக்கொடுக்கிறார். அதில் நான்கு பெண் பிள்ளைகள். இதற்கும் முணுமுணுப்பு வந்தது. காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் பாடத்தோடு பெண் பிள்ளைகளும் கூத்து கற்று மேடையேறினார்கள். நம் ஊரிலேயே அதைப் பார்த்தவர்கள் உண்டு. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோவில் கட்டினவர் பெங்களூர் நாகரத்னம்மாள். கட்டின இடத்திலேயே பெண்கள் பாடக் கூடாது என்றபோது, பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். நம் களத்தில் அந்தச் சிக்கல் வேண்டாம். பிள்ளைகள் ஆடட்டும்.

சரி, மீதிப் பணம். வரவில் செலவு போக 3,50,000 இருக்கிறது. இதை வைப்புநிதியில் போட்டிருக்கிறோம். 7 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 24,500. வைகாசியில் ஜமாவுக்கு நாம் கொடுத்தது ஒரு ராத்திரிக்கு 28,000. பதினைந்து பேர் விடிய விடிய ஆடிப் பாடி, வேனுக்கும் அரிதாரத்துக்கும் போக எடுத்துக்கொண்டு போகிற கூலி அது. அதாவது இந்த மூலநிதியின் ஒரு வருட வட்டி ஒரு ராத்திரிக்குக்கூடக் காணாது. சனிக்கிழமை வகுப்புக்கு வாத்தியாருக்கு மாதம் 3,000 பேசினோம். மூன்று மாதம் கொடுத்தோம், குழு உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து. அது இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டு வருடமாக வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்க் கேட்டதில் தெரிந்ததைச் சொல்கிறோம். செங்கல், சிமெண்டு, கேட் என்று கேட்டால் கை நீளுகிறது. கூலி என்று கேட்டால், "அது ஊர் பார்த்துக்கொள்ளாதா?" என்கிறார்கள். சுவருக்குப் பெயர் எழுத இடம் இருக்கிறது, ஆட்டத்துக்கு இல்லை. மீதிப் பணத்தில் மதில் கட்டலாம் என்று குழுவிலேயே ஐந்து பேர் சொன்னார்கள். எட்டுக்கு ஐந்து என்று வைப்புநிதிக்கு முடிவானது. அந்த ஐந்து பேரின் மறுப்பும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

பொதுக்குழு தீர்மானிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வருடத் தலைக்கட்டில் 100 ரூபாய் கூட்டி வாத்தியாருக்கு என்று தனியாக எடுத்துவைக்கலாமா. 192 தலைக்கட்டு கொடுத்தால் 19,200 வரும். ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மற்ற மாதங்களுக்கு யாராவது உபயம் ஏற்க வேண்டும். இரண்டு, வேஷ அறையைக் கல்யாணத்துக்குச் சமையல் அறையாக வாடகைக்கு விடலாமா. குழுவின் கருத்து, வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு கட்டைகளின் கண்ணாடித் துண்டில் ஏறிவிட்டால் போகாது. ஆனால் முடிவு உங்களுடையது.

கூட்டம் ஆவணி கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் களத்திலேயே. ரசீதுகளும் வங்கிப் புத்தகமும் காலை முதல் தாழ்வாரத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பெண்கள் கழிப்பறைச் சாவி இரண்டு போட்டிருக்கிறோம்; ஒன்று பூசாரி வீட்டில், இன்னொன்று அம்பேத்கர் நகர் முதல் வீட்டில்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்