தடைக்காலத்தில் பிள்ளைகளோடு இருங்கள்

காசிமேட்டு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. வலை கட்டுவது, படகுப் பழுது, கடன் கவலை எல்லாம் இருக்கும், தெரியும். ஆனாலும் அப்பாவைப் பகலில் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் காலம் இதுதான்.

கைக்குழந்தை இருந்தால் பேச்சுக் கொடுங்கள். அதற்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். அது 'ங்கா' என்றால் நீங்களும் முகம் பார்த்து 'ங்கா' என்று சொல்லுங்கள். பேச்சு பழகுவது அப்படித்தான். குளிப்பாட்டுங்கள், தோளில் போட்டுத் தூங்க வையுங்கள். அம்மாவும் கொஞ்சம் கண் மூடட்டும்.

தடுப்பூசி அட்டையை நீங்களே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. விட்டுப்போயிருந்தால் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள்.

பெரிய பிள்ளைகளிடம் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காதீர்கள். டீசல் கணக்கு, பங்குக் கணக்கு போடும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டுக்குள் குடித்துவிட்டுச் சத்தம் போடுவதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். நம் பக்கத்தில் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் போகிறார்கள். பள்ளி திறந்ததும் நடக்கும் கூட்டத்துக்கு வரக்கூடிய அப்பாக்கள், பிள்ளையின் வகுப்பைக் குறிப்பிட்டு இங்கேயே பதில் போடுங்கள்.