உன் பாம்புகள் செவந்தியையும் குட்டனையும் கொடுப்பது பற்றி

அன்புள்ள மகனுக்கு,

"இரண்டையும் பொறுப்பான யாருக்காவது கொடுத்துவிடுங்கள் அம்மா" என்று நீ அனுப்பிய ஒரு வரிச் செய்தி கிடைத்தது. பொறுப்பான ஆள் என்றால் எப்படிப்பட்டவர் என்று நீ சொல்லவில்லை. ஆகையால், நீ விட்டுச்சென்ற குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே ஓர் அளவுகோல் வகுத்துக்கொண்டேன். இதுவரை அதில் எவரும் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதைத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன்; நீ எடுப்பதில்லை. வேலை இருக்கும், குற்றமாகச் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டும் நலம். சென்ற வாரம் செவந்தி சட்டை உரித்தாள். மூக்கின் நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக, உள்புறம் வெளியே வர, காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல் கிடந்தது. கண்களை மூடியிருக்கும் செதில்கள் இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்துவைத்தேன். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நீ புறப்பட்ட புதிதில் ஈரப்பதம் இறங்கிப்போய், கண்ணின் மேல் பழைய செதில் ஒட்டிக்கொண்டதே, அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்றைக்கு அப்பா அதை மெல்ல உரித்துவிடலாம் என்றார். பிய்த்தால் அடியில் இருக்கும் கண்ணும் சேதப்படும் என்று நீ எழுதிவைத்திருந்ததைக் காட்டி நான்தான் தடுத்தேன். நனைத்துப் பிழிந்த பாசியை நிரப்பிய பெட்டிக்குள் இரவு முழுவதும் விட்டுவைத்தோம். விடிந்தபோது அது தானாகவே கழன்றிருந்தது. உன் எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்திருந்தால், பாம்பு என்ற சொல்லுக்கே கதவைச் சாத்திக்கொண்ட என்னால் அதைச் செய்ய முடிந்திருக்கும் என்று யோசித்துப் பார். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இனி ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். உன் நண்பனின் நண்பன் என்று ஓர் இளைஞன் வந்திருந்தான். மரியாதையான பிள்ளைதான். ஆனால் செவந்தியைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. வானவில் போவா வகைப் பாம்பு என்றால் எந்நேரமும் விளக்குப் போட்டதுபோல் ஜொலிக்கும் என்று எண்ணி வந்திருக்கிறான். அறை வெளிச்சத்தில் அவள் செம்பழுப்பு நிறத்தில் கருவளையங்களோடு சுருண்டு கிடந்தாள். நான் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். விலா நெடுக முதலில் ஊதாவும் பிறகு பச்சையும் ஓடியபின்தான் அவனுக்கு உயிர் வந்தது. அது சாயம் இல்லை, செதில்களின் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணமைப்பில் பட்டு ஒளி பல நிறங்களாகப் பிரிவதால் வரும் நிறம் என்று நீ எங்களுக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்கவில்லை; படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். ஈரப்பதத்தை எப்படிப் பராமரிப்பாய் என்றேன். தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன் என்றான். மேலே தெளித்த நீர் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், தென்னை நார்த்தூளும் பாசியும் அடிவரை ஈரத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும், ஆனால் சொதசொதவென்றும் இருக்கக் கூடாது, காற்றும் உள்ளே வந்து போக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுச் செதில்கள் அழுகும், நெஞ்சில் சளி கட்டும் என்பது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. சூட்டுக்கு என்ன செய்வாய் என்றேன். மின்சாரத்தில் சூடாகும் கல் ஒன்று வாங்கிப் போடுவானாம். சூட்டை அளவு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்ற பேச்சே இல்லை. அடிவயிறு வெந்துபோனாலும் அந்தக் கல்லை விட்டு நகரத் தெரியாமல் பாம்பு படுத்திருக்கும் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. கடைசியாக, இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமே என்றான். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டேன்.

துணை என்ற எண்ணமே மனிதர்களுடையது என்று நீ சொல்வாய். பாம்புக்குத் தனிமை துன்பம் இல்லை, இன்னொரு பாம்பு அருகில் இருப்பதுதான் துன்பம் என்பாய். இருக்கலாம், பாம்பைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்கிறேன். அது போக, இவை இரண்டும் வேறு வேறு நிலத்தைச் சேர்ந்தவை அல்லவா? செவந்தி பிரேசில் வகை; அமேசான் காட்டின் ஈரத்தில் பிறந்த குலம். அவளுக்கு 80 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் இறங்கினால் சில நாட்களிலேயே தோல் சுருக்கம் விழுகிறது. குட்டன் கொலம்பிய வகை. 70 சதவீதமே அவனுக்குத் தாராளம். சிறுவயதில் இருந்த புள்ளிகள் எல்லாம் மங்கிப்போய் இப்போது ஒரே பழுப்பாக இருக்கிறான், ஆனாலும் சாய்வெளிச்சத்தில் அவனும் சோடை போவதில்லை. இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர் கையில் எந்த ஒன்றையும் கொடுப்பதாக இல்லை.

அடுத்து விசாரித்தவர்கள் ஒரு குடும்பத்தினர். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நலமாக இருக்கும் பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது பெரிய ஆபத்து என்று நீ அக்காவிடம் அன்றைக்குச் சண்டையே போட்டாய். அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போதும் அவள் குழந்தையோடு வரும் நாட்களில் அந்த அறையைப் பூட்டிச் சாவியை அப்பா தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதே இல்லை. தொட்டால் கை கழுவுகிறோம், தொடாவிட்டாலும் கழுவுகிறோம்.

உன்னிடமே அனுப்பிவைத்தால் என்ன என்று அப்பா கேட்டார். உனக்கு நினைவிருக்கும், நீ கிளம்பும் முன்பே அதற்காக அலைந்து பார்த்தாய். எல்லா போவாக்களையும் போலவே இவையும் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சான்று இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சான்று கிடைத்தாலும் விமானத்தில் குளிர் தாக்கும், பயணத்தின் அதிர்ச்சியில் தின்றதைக் கக்கிவிடும் என்று சொல்லித்தான் இங்கேயே விட்டுச்சென்றாய். "கொஞ்ச நாள்தான் அம்மா" என்றாய். நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும் உயிர் என்பதையும் அதே மூச்சில் சொன்னாய். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நான் அப்போது கேட்கவில்லை.

ஆரம்பத்தில் நீ பேசும்போதெல்லாம் முதல் கேள்வியே ஈரப்பதமானி என்ன காட்டுகிறது என்பதுதான். சாப்பிட்டீர்களா என்று எங்களைக் கேட்பதற்கு முன் செவந்தி சாப்பிட்டாளா என்று கேட்பாய். அப்பாவுக்கு அதில் வருத்தம்கூட உண்டு. எடையைக் கிராம் கணக்கில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். பிறகு கேள்விகள் குறைந்தன. இப்போது எதுவும் கேட்பதில்லை, கொடுத்துவிடச் சொல்கிறாய். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஆசைப்பட்டு, சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கி, மூன்று மாதம் தனி அறையில் வைத்து உண்ணி இருக்கிறதா, நோய் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவை இவை. ஆசையாக வளர்த்ததைக் கொடுக்கச் சொல்பவனிடம் காரணம் கேட்கக்கூடாதா என்று அப்பா கேட்டார். கேட்காதீர்கள் என்று நான்தான் சொன்னேன். பெரிய மாமா அந்த வருடம் தன் புறாக்களையெல்லாம் கூண்டோடு கொடுத்தபோதும் நாம் யாரும் காரணம் கேட்கவில்லை. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

குட்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் சில வாரங்களாக உணவு எடுக்கவில்லை. உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளக்கி, பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் நீட்டினேன். உதடுகளால் வெப்பத்தை உணர்ந்து பாய்கிறவன், நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கை நடுங்கியது. உன் குறிப்பேட்டைத் திறந்தால், சாப்பிடாத பாம்பைப் பார்த்துப் பதறக் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாய். முதலில் வெப்பநிலை சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும்; சூடான பக்கம் 29, 30 பாகை, குளிர்ந்த பக்கம் 24, 25 பாகை, எந்த மூலையிலும் 32-ஐத் தாண்டக் கூடாது. அடுத்து, ஒளிந்துகொள்ள அதற்கு இரு பக்கமும் இடம் இருக்கிறதா, யாராவது அடிக்கடி தொந்தரவு செய்கிறார்களா, சட்டை உரிக்கும் காலமா, ஆண் என்றால் இணை தேடும் பருவமா என்று பார்க்க வேண்டும். தினமும் உணவை நீட்டி வற்புறுத்தக் கூடாது. எடை குறைந்துகொண்டே போனாலோ, வாயோரம் நுரை தெரிந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்படியே செய்தேன். வாராவாரம் தராசில் வைத்துப் பார்க்கிறேன், எடை இறங்கவில்லை. பருவம்தான் என்று தோன்றுகிறது. தராசு என்று ஒன்று இருப்பதால் மனம் ஆறுகிறது. தொலைவில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் அந்த வசதியும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு. உன் அறையில் சூடு, குளிர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டால் சிரிப்பாய், ஆனாலும் கேட்கிறேன். அக்கம்பக்கத்தில் பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா? உன்னைத் தினமும் கேட்டு வற்புறுத்த மாட்டேன். அதைத்தான் நீயே எழுதிவைத்திருக்கிறாயே. ஆனால் தண்ணீர் குடி, தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தள்ளிப்போடாதே. பணம் ஒரு பொருட்டில்லை என்று அப்பா எழுதச் சொன்னார்.

கொடுப்பதா இல்லையா என்ற விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இவை இரண்டும் சுமை என்று தோன்றியிருந்தால், சுமப்பது நீ இல்லை, நாங்கள்தான். எங்களுக்கு இது பாரமாக இல்லை. அப்பா முன்பெல்லாம் அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போது மாலையானால் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, செவந்தி மறைவிடத்திலிருந்து எப்போது தலையை நீட்டுவாள் என்று காத்திருக்கிறார். குட்டியாக இருந்தபோது யார் கையையும் கடிக்கத் துணிந்தவள் இப்போது அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். தின்று இரண்டு நாள் ஆவதற்குள் தூக்கக் கூடாது என்று அவருக்கு எத்தனை சொன்னாலும் மறந்துவிடுகிறார், அது ஒன்றுதான் குறை. உன் வாயால் நீயே காரணத்தோடு சொல்லும்வரை எவருக்கும் கொடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். காரணம் எதுவாக இருந்தாலும் சரி, எங்களிடம் சொல்ல முடியாத காரணம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. கோபமாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்வோம்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவை. செவந்தி பருத்துவருகிறாள் என்று நினைக்கிறேன். உடம்பின் தடித்த பகுதி எவ்வளவோ அவ்வளவு தடிமனான எலி என்று எழுதியிருக்கிறாய், ஆனால் உடம்பே பருத்துக்கொண்டு போனால் எலியையும் பெரிதாக்கிக்கொண்டே போவதா என்பது அதில் இல்லை. பத்து நாளுக்கு ஒரு முறை கொடுப்பதை இரண்டு வாரமாகத் தள்ளலாமா, அல்லது இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு சிறிய எலி கொடுக்கலாமா? மேலிருந்தும் பக்கவாட்டிலும் அப்பா எடுத்த படங்களை உனக்கு அனுப்பியிருக்கிறார். முதுகெலும்பு தெரிகிறதா, வால் பக்கம் மடிப்பு விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார். அடுத்து அவளுக்கு உணவு வைக்க வேண்டியது வரும் சனிக்கிழமை. அதற்குள் கூப்பிட்டுச் சொல். நள்ளிரவானாலும் கூப்பிடலாம், அவள் வெளியே வரும் நேரம் அதுதான், நானும் அப்போது விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா