மாண்டஸ் புயல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மாமல்லபுரம்
8.12.2022, வியாழன் மாலை

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். நாளை வெள்ளிக்கிழமை நம் பள்ளிக்கு விடுமுறை. 'மாண்டஸ்' புயல் நாளை நள்ளிரவையொட்டி, புதுச்சேரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே, நம் ஊர்ப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்கிறது வானிலை ஆய்வு மையம். காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர், சில நேரம் 85 வரை வீசலாம்.

விடுமுறை என்றதும் ஐந்தாம் வகுப்பில் எழுந்த கூச்சல் என் அறை வரை கேட்டது. ஒரு பையனைக் கூப்பிட்டு, "நாளைக்கு என்னடா செய்யப்போறே?" என்றேன். "கடற்கரைக் கோயில் பக்கம் அலை பாக்க நிறைய பேர் வருவாங்க சார், சிப்பி மாலை எடுத்துட்டுப் போனா நல்லா விக்கும்" என்றான்.

அவன் கணக்கு தப்பில்லை. கொரோனாவில் இரண்டு வருடம் கடைகள் காய்ந்து கிடந்ததும், இந்த டிசம்பரைத்தான் நீங்கள் நம்பியிருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அலையைப் படம் பிடிக்க வருகிறவர் காரில் வருவார், பிடித்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிப் போய்விடுவார். மணலில் நிற்கப்போவது நம் பிள்ளை. செவ்வாய்க்கிழமைதான் கார்த்திகை விளக்கு ஏற்றினோம். பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அதற்கும் மேலே வரும். ஆகவே நாளை எந்தப் பிள்ளையையும் வியாபாரத்துக்கோ வேடிக்கைக்கோ கரைப்பக்கம் அனுப்பாதீர்கள். படகை மேலே இழுக்கும்போது "கயிறு பிடிக்க வா" என்றும் கூப்பிட வேண்டாம்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் பகலில் கடந்தது. எந்த மரம் சாயப்போகிறது என்றாவது கண்ணால் பார்த்தோம். இது இருட்டில் வருகிறது. நடுவில் காற்று திடீரென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று கதவைத் திறக்காதீர்கள். அதன் நடுப்பகுதி நம் தலைக்கு மேல் நிற்கலாம். அது நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்று சிலர் கேட்டீர்கள். அது கப்பல்காரர்களுக்கு. உங்களுக்குக் கூரை உறுதியா என்பதுதான் கேள்வி.

சிற்பப் பட்டறை வைத்திருப்பவர்களே, கல் நகராது, மேலே போட்ட தகரம் பறக்கும். இன்றே கட்டுங்கள், முடியாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

குப்பத்துக் குடும்பங்களுக்கும் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் நம் பள்ளி மாடி வகுப்பறைகள் நாளைக் காலையிலிருந்து திறந்திருக்கும். நான் இரவும் அங்கேயே இருப்பேன். சமைக்க சத்துணவுக்கூடத்து அக்கா வருகிறார். குடும்ப அட்டை, ஆதார், மாத்திரை, ஒரு டார்ச் இவற்றைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வாருங்கள். பாடப்புத்தகங்களைப் பரண்மேல் வையுங்கள். அரையாண்டுத் தேர்வு வருகிறது, இருந்தாலும் நனைந்துபோனால் யாரும் திட்டமாட்டோம். விடுதிகளில் இரவு வேலைக்குப் போகும் தாய்மார்கள், பிள்ளையைத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டுப் போகாமல் பள்ளியில் விட்டுச் செல்லுங்கள். அவசரமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

திங்கட்கிழமை பள்ளி உண்டா என்று ஞாயிறு மாலை வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறேன்.

பின்குறிப்பு: அந்தப் பையனிடமிருந்த பதினொரு சிப்பி மாலைகளையும் நானே வாங்கிவிட்டேன், மேசைமேல் கிடக்கின்றன. இனி வாங்க என்னிடம் காசில்லை. மற்ற பிள்ளைகளை நீங்கள்தான் வீட்டில் பிடித்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்