அட்டையில் இருப்பது 1965 வண்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய அமெரிக்க டூரிங் (நெடும்பயண) பைக்குகளைப் பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் யார் எழுதப்போகிறார்கள் என்று ஆசையாகத்தான் பிரித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே "இவற்றை வைத்திருப்பவர்கள் ஓட்டுகிறவர்கள் அல்ல, துடைக்கிறவர்கள், ஓய்வுபெற்ற ஆண்களின் விலையுயர்ந்த பொம்மை" என்று ஒரு வரி. நான் இன்னும் ஓய்வுபெறவில்லை, ஆணும் இல்லை. ஒஹாயோவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீட்டில் ஹார்லி டேவிட்சனின் 1974 எலக்ட்ரா கிளைட். துடைக்கவும் செய்கிறேன். அழுக்கோடு விட்டால் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று எப்படித் தெரியும்?

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வண்டியில் இருக்கும் ஷவல்ஹெட் என்ற ஹார்லி எஞ்சின் நிற்கும் இடமெல்லாம் ஒழுகும், தயாரிப்பே மட்டம் என்று கட்டுரையாளர் ஒரு போடு போட்டிருக்கிறார். இந்த எஞ்சினில் எண்ணெய் தனி டாங்கில் இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால், பம்பில் இருக்கும் சின்னக் குண்டு வால்வு சரியாக அமராமல் எண்ணெய் மெல்ல எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும், அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது மூச்சுக்குழாய் வழியாகக் கொட்டும். போதாததற்குப் பின் சங்கிலிக்கு எண்ணெய் சொட்டவிடும் ஏற்பாடு ஒன்றைத் தொழிற்சாலையே வைத்திருந்தது. ஆக, நின்றுகொண்டே இருக்கும் வண்டிதான் அதிகம் ஒழுகும். கட்டுரையாளர் பார்த்த வண்டி யாருடைய கராஜில் நின்றதோ எனக்குத் தெரியாது. என் கராஜில் பார்க்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அப்புறம் அந்த ஏ.எம்.எஃப். கதை. 1969ல் ஹார்லியை வாங்கிய கம்பெனி, பௌலிங் விளையாட்டுக்கு எந்திரம் செய்தவர்கள், தரத்தைக் கெடுத்தார்கள், 1981ல் அதிகாரிகள் 13 பேர் திரும்ப வாங்கிக் காப்பாற்றினார்கள், யார்க் தொழிற்சாலையிலிருந்து ஹார்லியின் தலைமையகமான மில்வாக்கிக்கு ஊர்வலமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். இது எல்லாருக்கும் மனப்பாடம். பாதிதான் கதை. 1969ல் பேங்கர் புன்டா என்ற இன்னொரு நிறுவனம் வளைத்துப் பிடிக்கப் பார்த்தபோது ஹார்லிக்காரர்களே தேடிப்போன அடைக்கலம்தான் ஏ.எம்.எஃப். அவர்கள் அவசர அவசரமாக உற்பத்தியைக் கூட்டினார்கள், பூட்டலில் குறை வந்தது, இதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைகளையெல்லாம் அந்த வண்டிகளை வாங்கி வைத்திருந்தவர்கள் ஐம்பது வருஷமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டார்கள். இன்று சாலையில் ஓடுகிற ஏ.எம்.எஃப். கால வண்டி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையைக் கிழித்துக்கொண்டு நிமிர்த்திய வண்டி. இதைச் செய்தவர்களைத்தான் நீங்கள் 'துடைக்கிறவர்கள்' என்கிறீர்கள்.

நெடுஞ்சாலையில் இவை தாக்குப்பிடிக்காது என்பது அடுத்த குற்றச்சாட்டு. மணிக்கு 75 மைலில் லாரிகளோடு போட்டி போட்டால் நாலு கியர் ஷவல்ஹெட் பல்லைக் கிட்டிக்கொள்ளும், சரிதான். ஆனால் எலக்ட்ரா கிளைடின் முன்னோர்களில் ஹைட்ரா கிளைட் வந்தது 1949ல், டுவோ கிளைட் 1958ல். இன்டர்ஸ்டேட் என்ற அதிவேக நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் கையெழுத்தானதே 1956ல். இருவழிச் சாலையில் ஊர் ஊராகப் போவதற்கென்று வளர்ந்த குடும்பம் இது. என் வண்டி பிறந்த 1974ல் நாடு முழுவதற்கும் வேக எல்லை 55 மைல்தான், எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கொண்டுவந்த சட்டம். 55ல் அதை விட்டுப்பாருங்கள். புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை 469 மைல், பெரும்பகுதியில் 45க்கு மேல் போகவே கூடாது, அந்த வேகத்தில் அந்த எஞ்சின் துடிக்கிற துடிப்பு இருக்கிறதே, அது முதுகுவழியாக ஏறி எனக்கு எல்லா மனக்கசப்பும் போய்விடும். உங்கள் பத்திரிகை மேல் இருக்கிற கசப்பு உட்பட, கொஞ்ச நேரத்துக்கு.

கட்டுரையில் ஹோண்டாவின் டூரிங் பைக்கான கோல்ட் விங்குக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் "ஜப்பான் வண்டி என்பதால் இங்கே சேர்க்கவில்லை" என்று. இதற்கு என் கணவர் தனியாகக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார், எழுதமாட்டார், எனக்குத் தெரியும். அவருடையது 1984 கோல்ட் விங் ஆஸ்பென்கேட். 1980லிருந்து கோல்ட் விங்குகள் எங்கள் கொலம்பஸுக்குப் பக்கத்து மேரிஸ்வில்லில்தான் தயாராயின, அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் பூட்டினார்கள். மில்வாக்கி பெயர் இருந்தால் அமெரிக்கன், ஒஹாயோ தொழிலாளி கை பட்டால் ஜப்பானா? நான் ஹார்லிக்காரி, எனக்கே இது அநியாயமாகப் படுகிறது. (அவர் வண்டி ஒழுகாது. ஆனால் அந்த மாடலில் ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) போனால் எஞ்சினையே கீழே இறக்கவேண்டும் என்பதை எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசக்கூடாது.)

பொம்மை விஷயத்தை விட்டாலும் "ஆண்கள்" என்பதை என்னால் விடமுடியவில்லை. 1916ல் அகஸ்டா, அடலீன் வான் பியூரன் என்று இரண்டு சகோதரிகள் ஆளுக்கொரு 'இந்தியன்' என்ற அமெரிக்க பைக்கில் நியூயார்க் பக்கமிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டினார்கள். ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலைக்குப் பெண்களும் லாயக்கு என்று காட்டுவதற்காக. வழியில் ஆண்கள் போல உடுத்தினார்கள் என்று போலீஸ் பிடித்தது. அன்றைய மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்று வண்டியைப் புகழ்ந்து தள்ளிவிட்டு அவர்கள் பயணத்தை ஏதோ விடுமுறை உலா மாதிரி எழுதியது. ராணுவ வேலையும் கிடைக்கவில்லை. பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண்மணி 27 ஹார்லிகள் வைத்து ஓட்டியவர். விடுதிகளில் இடம் தராத ஊர்களில் பெட்ரோல் பங்க்கில் வண்டி மேலேயே படுத்துத் தூங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத செய்திகளா? தெரிந்திருக்கும், இடம் இருந்திருக்காது. நான்கு பக்கத்தில் தோல் ஜாக்கெட் போட்ட தாத்தாக்களின் படத்துக்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டதே.

இங்கே தமிழர் பிக்னிக்குக்கு வண்டியில் போய் இறங்கினால் முதல் கேள்வி "அண்ணன் எங்கே, பின்னால வர்றாரா?" என்பதுதான். ஒரு பெரிய ஷோரூமில் பிரேக் பார்க்கச் சொன்னபோது, இவ்வளவு பழையதை நாங்கள் தொடுவதில்லை, உங்கள் கணவரை வரச்சொல்லுங்கள், ஒரு மெக்கானிக் விலாசம் தருகிறோம் என்றார்கள். விலாசத்தை என்னிடம் தந்தால் எழுத்து அழிந்துவிடுமா? 300 கிலோவைத் தாண்டும் வண்டியை எப்படித் தூக்குவீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. யாருமே தூக்குவதில்லை, ஓட்டத்தான் செய்கிறோம்.

டிரெய்லரில் ஏற்றி வந்து கண்காட்சி வாசலில் இறக்கி, பத்தடி ஓட்டிவிட்டுப் பரிசு வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நாங்களே அவர்களைக் கேலி செய்வோம். ஆனால் ஜூலையில் லெக்சிங்டனில் மிட் ஒஹாயோ பந்தயத் திடலில் நடக்கும் விண்டேஜ் கூட்டத்துக்கு உங்கள் கட்டுரையாளரை வரச்சொல்லுங்கள். அங்கே பழைய பாகம் விற்கிற மைதானத்தில் துருப்பிடித்த கார்புரேட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களில் வெல்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், நர்ஸ் எல்லாரும் உண்டு. பாதிப்பேர் தங்கள் வண்டியிலேயே வந்தவர்கள், திரும்பிப் போகும்போது சாடில் பேக்கில் இன்னொருவன் வண்டியின் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு 'இந்தியன்' நிறுவனத்தை இந்தியக் கம்பெனி என்று ஒரு துணுக்கில் போட்டீர்கள், அப்போதே எழுதினேன். அது 1901ல் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கியது, 1953ல் உற்பத்தி நின்றது, அதன்பிறகு 1955 முதல் சில காலம் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு அந்தப் பெயரை ஒட்டி அமெரிக்காவில் விற்றார்கள் என்று விவரமாக எழுதியிருந்தேன். மறுப்பும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அட்டையில் "1965 எலக்ட்ரா கிளைட்" என்று போட்டிருக்கிறீர்கள். 1965 என்றால் அது ஷவல்ஹெட்டுக்கு முந்தைய பான்ஹெட் எஞ்சினின் கடைசி வருஷம். படத்தில் இருப்பது ஷவல்ஹெட். வௌவால் சிறகு போன்ற அந்த முன் ஃபேரிங் (காற்றுத் தடுப்பு) 1969ல் வந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் தெரிகிறது, அது 1972க்கு முன்னால் இந்த வண்டிக்குக் கிடையாது. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி, "1972 அல்லது அதற்குப் பிந்தையது" என்று திருத்தம் போட்டால் போதும். கட்டுரையாளர் மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பழைய கடிதத்தோடு என் வண்டியின் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன், பிரின்ட் அது ஒன்றுதான் இருக்கிறது. போடப்போவதில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
கொலம்பஸிலிருந்து ஒரு சந்தாதாரர்