தேடாதவர்கள் அல்ல நாங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வந்த கச்சத்தீவுக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி. அரசு ஆவணங்கள் எல்லாம் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன, நம்மவர்கள்தான் தேடிப் படிப்பதில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். 1971-ல் எங்கள் குடும்பம் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்புவோருக்கென்று கண்டியில் அப்பாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு விட்டுப்போன இடத்தில் அம்மா மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருக்கிறார். தங்கையின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தப்புப் பெயரோடுதான் அவள் இங்கே பள்ளியில் சேர்ந்தாள். எங்களை இந்தப் பக்கம் அனுப்புவது என்று யார், எங்கே உட்கார்ந்து, என்ன பேசி முடிவு செய்தார்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். இலங்கையில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களில், நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974 ஜனவரியில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம் ஜூனில்தான் கச்சத்தீவு ஒப்பந்தம். உங்கள் கட்டுரையில் அந்தத் தீவுக்கு நான்கு பக்கம். இந்த மனிதர்களுக்கு ஒரு வரி இல்லை. சரி, அந்த வருத்தத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒப்பந்த வாசகம் இணையத்தில் இருக்கிறது, உண்மைதான். 1974 ஜூலை 23 அன்று கச்சத்தீவு பற்றி அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் பேசியதும் இருக்கிறது. இவையெல்லாம் பேச்சு முடிந்தபின் ஊருக்குச் சொன்னவை. ஐந்தேகால் லட்சம் என்ற எண்ணுக்கு இரண்டு தரப்பும் எப்படி வந்து சேர்ந்தன? நம் அதிகாரிகள் எந்த எண்ணில் தொடங்கினார்கள், எதற்கு இறங்கினார்கள்? தோட்டத்து மக்களை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாராவது குறிப்பு எழுதினார்களா? அது பேச்சுவார்த்தைக் கோப்பில்தான் இருக்கும்.

அதைத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஒரு துறைக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஒரு பிரிவுக்கு, அந்தப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு. ஏழு மாதம் கழித்து நாலு வரியில் பதில்: 8(1)(ஏ) பிரிவின்படி வெளிநாட்டு உறவு பாதிக்கப்படும், தர இயலாது. இருபது வருடம் கடந்த செய்தியை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் முதலில் வருவதே இந்த 'ஏ'தான். கையெழுத்திட்டவர்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள், என் அப்பாவும் போய்விட்டார். இன்னும் யாருடைய உறவு கெடும்?

2024 தேர்தல் நேரத்தில் கச்சத்தீவு பற்றிய அரசுக் காகிதங்கள் இதே சட்டத்தில் ஒரு கட்சித் தலைவரின் கைக்கு வந்தன. வந்தது நல்லதுதான், நானும் ஆவலோடு படித்தேன். அதே பக்கத்து நாட்டைப் பற்றி ஒரு வாத்தியார் கேட்டால் மட்டும் ஏன் கதவு சாத்தப்படுகிறது என்று உங்கள் இதழ் அன்று கேட்டிருக்க வேண்டும்.

மேலிடத்துக் கோப்புதான் கிடைக்கவில்லை, வந்து இறங்கியவர்களின் பட்டியலாவது பார்ப்போம் என்று ஒரு மாவட்ட அலுவலகத்தின் பதிவறைக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் நல்ல மனிதர், ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கட்டாக இறக்கினார். பதிவேட்டில் கோப்பின் எண் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் 'எல்.டிஸ்.' என்று இருந்தது. அரசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச காலம் வைத்திருந்து அழித்துவிடுகிற ரகம் அது. ஒரு ஜனக்கூட்டம் நாடு மாறிய கணக்கை எல்.டிஸ். என்று முடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

கடைசியில் கொஞ்சமாவது தெரிந்தது லண்டனிலிருந்துதான். என்னிடம் படித்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். அங்கே கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு விடுமுறை நாளில் போய், 1964-ல் கொழும்பிலிருந்து அவர்களுடைய தூதர்கள் எழுதிய கடிதங்களைத் தன் கைப்பேசியிலேயே படமெடுத்து அனுப்பினான். எங்கள் கதையை எங்களை ஆண்டுவிட்டுப் போனவர்களின் அலமாரியில் படித்தேன். அமெரிக்கா 1861-லிருந்து தன் வெளியுறவு ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டுவருகிறது. முப்பது வருடத்துக்குள் வெளியிட வேண்டும் என்று 1991-ல் சட்டமே போட்டார்கள். தாமதமாகிறதுதான், ஆனாலும் வருகிறது. 1971 வங்கதேசப் போர் பற்றிய தொகுதியை என் வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் படித்தேன். அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சன் தரப்பு பேசியது கிடைக்கிறது, நம் தரப்பு பேசியது கிடைப்பதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 25 வருடம் கடந்த கோப்புகளை மதிப்பிட்டு, நிரந்தரமாக வைக்க வேண்டியதைப் பிரிக்க வேண்டும் என்று 1993-ன் பொது ஆவணச் சட்டம் சொல்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஏராளமான பக்கங்களை ஏற்றியிருக்கிறார்கள், அதற்கு நன்றியுள்ளவன் நான். ஆனால் துறைகள் அனுப்பினால்தானே அவர்கள் ஏற்ற முடியும்? 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தங்களிடம் வந்து சேரவில்லை என்று 2022 டிசம்பரில் அதன் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-ன் ஆவணங்கள்தான் அங்கே இருக்கின்றன என்றும் சொன்னார். அதற்குப் பிறகும் நாங்கள் தேடுவதில்லை என்று எழுதலாமா, ஐயா?

என்னைப் போல எத்தனையோ பேர் சொந்தக் காசில் ரயிலேறி, லாட்ஜில் தங்கி, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது கட்டுரையாளர் கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். இனி இப்படிப்பட்ட கட்டுரைகள் போடும்போது, எழுதியவர் எந்தக் கோப்பைப் பார்த்தார், அது எந்த ஊரில் எந்தக் காப்பகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று கீழே பொடி எழுத்திலாவது போடுங்கள். சென்ற வாரக் கட்டுரைக்கும் அந்த எண்கள் இருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்பிவையுங்கள். அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தகிரி