எரிக் பெயரில் 1569: சதுர வெள்ளி நாணயம் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: போலி 'கிளிப்பிங்' (தகட்டைச் சதுரமாக வெட்டி அச்சடித்த) நாணயத்தைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தரக் கோருதல்

ஐயா,

உங்களிடம் வாங்கிய நாணயத்தின் சான்றிதழில் "ஸ்வீடன், பதினான்காம் எரிக், 1 மார்க் (16 ஓரே), வெள்ளி, 1569" என்றிருக்கிறது. மன்னர் எரிக் 1568 செப்டம்பரிலேயே சிறைப்பட்டுவிட்டார். பிறகு ஆட்சி செய்தவர் அவர் தம்பி மூன்றாம் யோஹான். தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடவும் வழியில்லை, நாணயத்தின் மேலேயே எரிக் பெயரும் 1569உம் இருக்கின்றன. அன்றைய ஸ்வீடன் பணக் கணக்கில் ஒரு மார்க்குக்கு 8 ஓரே. 16 ஓரே என்றால் 2 மார்க். மார்க்குக்கு 16 என்பது டென்மார்க் கணக்கு, அதுவும் ஸ்கில்லிங் என்ற அவர்கள் சில்லறையில். 1563 முதல் 1570 வரை போரிட்ட இரு நாடுகளையும் சான்றிதழ் சமாதானம் செய்துவைத்திருக்கிறது!

கிளிப்பிங் என்ற பெயரே கத்தரிப்பதிலிருந்து வந்தது. அடித்துத் தட்டிய தகட்டைச் சதுரமாக வெட்டி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். வட்ட வில்லை வெட்டும் வேலையும் இல்லை, கழிவும் இல்லை. அதனால் விளிம்பில் கத்தரி இழுத்த கோடும் பிசிறும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதில் நான்கு பக்கமும் அரம் தேய்த்த தடம். அதையும் மீறி விளிம்பின் நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது; அதாவது இது உருக்கி ஊற்றியது, அடித்ததல்ல. பூதக்கண்ணாடியில் எழுத்துகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிக் குழிகளும் தெரிகின்றன.

"அக்கால கிளிப்பிங்கில் செம்பு அதிகம், அதனால்தான் எடை குறைவு" என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். செம்பு கலந்தது உண்மைதான். டென்மார்க்கின் இரண்டாம் கிறிஸ்டியன் வெளியிட்டவை அதற்கே பேர்போனவை. ஆனால் வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினுடையது 8.96. எவ்வளவு கலந்தாலும் 8.96க்குக் கீழே இறங்காது. இந்த நாணயம் காற்றில் 11.68 கிராம், நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கியபோது 1.60 கிராம் குறைந்தது. 11.68ஐ 1.60ஆல் வகுத்தால் நாணயத்தின் அடர்த்தி 7.30. அது வெள்ளீயத்தின் அடர்த்தி. உள்ளே காற்றுப்பொத்தல் இருப்பதால் குறைந்தது என்பீர்களானால், அதுவும் வார்ப்பு என்பதற்கே சாட்சி.

15 நாட்களுக்குள் நாணயத்தை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பதிலுக்கு வேறொரு கிளிப்பிங் வேண்டாம். இதே படத்துடன் விற்பனைப் பட்டியலில் இருக்கும் மற்ற நாணயங்களையும் உடனே நீக்குங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். விளிம்பின் படங்களும் எடைக் குறிப்பும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்